முப்பது அடித் தெரு

வாடகைக்குக் குடியிருப்பவனுக்கு அந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்கக்கூட உரிமை கிடையாது. ஆனால் கீழ்வீட்டுப் பேச்சு படிக்கட்டு வழியாக ஏறி வந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று எந்த வாடகை ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது. டேப்பு வீட்டு மாடியில் ஒன்பது வருடம் இருந்தேன். தபாலாபீசில் பதிவுத் தபால் ஜன்னல் என்னுடையது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமல் ஒட்டி அனுப்பியே பழகிய கை. அந்த வீட்டில் நடந்ததையும் அப்படித்தான் ஒட்டி வைத்திருந்தேன். அது தப்பு என்று பிறகுதான் உறைத்தது.

டேப்பு என்பது தெரு வைத்த பெயர். தனியார் சர்வே ஆபீஸ் ஒன்றில் முப்பது வருடமாக நிலம் அளக்கிற வேலை. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, இடுப்பில் அளவு டேப் இருக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் இருக்கும். கண்ணாலேயே அளந்துவிடுவார். நான் குடிவந்த அன்றைக்கு என் பீரோவைப் பார்த்து, "இது உங்க மாடிப்படி திருப்பத்துல ஒண்ணரை அங்குலம் இடிக்கும் தம்பி" என்றார். இடித்தது. கதவைக் கழற்றித்தான் ஏற்றினோம்.

எதிர்ச்சாரியில் தெருமுனை வீடு அவருடைய அக்காவுடையது. புருஷன் போய் இருபது வருடம் ஆகிறது. மூன்று நர்சிங் ஹோம்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் அக்காவிடம்தான் சலவைக்கு வரும். விடியும்போதே ஊறப்போட்டதை எடுத்து, பின்பக்கத் துவைகல்லில் அடித்து, அலசி, நீலம் போட்டு, கஞ்சியில் முக்கி, எட்டு மணிக்கெல்லாம் மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுவாள். ஒரு மணிக்கு எடுத்தால் அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். மத்தியானம் முழுக்க இஸ்திரி. சாயங்காலம் ஆட்டோ வந்து எடுத்துக்கொண்டு போகும். மழைக்காலத்தில் இரண்டு நாள் தொடர்ந்து வானம் மூடினால் அக்காவின் முகமும் மூடிக்கொள்ளும். மெஷின் வாங்கிக்கொள்ளச் சொன்னால், "மெஷின் தண்ணியத்தான் பிழியும், கிருமிய வெயில்தான் கொல்லும். ஆஸ்பத்திரித் துணி" என்பாள். நர்சிங் ஹோம்காரர்களும் அதற்காகத்தான் அவளிடம் கொடுத்தார்கள்.

எங்கள் தெருவில் எல்லாமே கீழும் மாடியுமான வீடுகள், முப்பத்தோரு வீடு. மனை போட்ட காலத்தில் தெருவின் அகலம் இருபத்திரண்டு அடிதான். இரண்டு பக்கமும் சாக்கடை, முனையில் விளக்குக் கம்பம் எல்லாம் போகத் தண்ணி லாரி உள்ளே திரும்ப முடியாது. குடத்தைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓட வேண்டும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் டேப்புதான் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். ஆளுக்கு நாலடி மதில் சுவரை உள்ளே தள்ளிக்கொண்டால் தெரு முப்பது அடி ஆகிவிடும், லாரி கடைசி வீடு வரைக்கும் வரும் என்று. யார் கேட்பார்கள்? தெருவுக்காகத் தன் மண்ணை விடுகிற ஆள் எங்கே இருக்கிறான்? அப்போது அக்காதான் முதலில் தன் சுவரை இடித்தாள். வாசல் பக்கம் இருந்த துவைகல்லைப் பெயர்த்துப் பின்பக்கம் கொண்டுபோனாள். சொந்த அக்காவே விட்டுவிட்டாள் என்றதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக விட்டார்கள். பத்திரத்தில் இன்றைக்கும் அந்த நாலடி அவரவர் பேரில்தான் இருக்கிறது. டேப்பு சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே போனாராம், பின்னாலேயே கொத்தனார் போனானாம். தெருவுக்குப் புதிதாக யார் வந்தாலும் அவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார். எனக்குப் பீரோ ஏற்றிய அன்றைக்கே சொல்லியாகிவிட்டது.

அக்கா வீட்டுக்குக் கிழக்கே ஒரு பெரிய காலி மனை. முன்பு மரக்கடை இருந்தது. அதற்கு வழி எங்கள் தெரு மட்டும்தான். போன வருடம் ஒருநாள் அதில் ஒரு போர்டு முளைத்தது. படத்தில் பதினாலு மாடிக் கட்டடம், மேலே நீச்சல் குளம், கீழே நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற ஒரு பெண். வானம் மட்டும் எங்கள் வானம் மாதிரி இல்லை, அப்படி ஒரு நீலம். பத்து நாள் கழித்து நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது, ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று.

ஆட்சேபத்துக்கென்றே எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். குப்பை வண்டி மணி அடிப்பதிலிருந்து பக்கத்து வீட்டு நாய் குரைப்பது வரைக்கும் மனுப் போட்டவர். அவரை ஆட்சேபணை என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் அதில் ஒரு பெருமை. வாழ்க்கையில் முதல்தடவையாகத் தெருவே அவரைத் தேடி வந்ததும் மனுஷன் பத்து வயது குறைந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவின் மொட்டைமாடியில் கூடினோம். விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. காற்றில் படபடத்து முகத்தில் அடிக்கிற துணியை விலக்கிக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது. அக்கா எல்லாருக்கும் டீயும் ரொட்டியும் கொடுத்தாள்.

"தம்பி, நீ கண்ணாலயே அளப்பியே. அந்தக் கட்டடம் வந்தா என் மாடிக்கு எவ்வளவு நேரம் வெயில் இருக்காது? சரியாச் சொல்லு" என்று டேப்புவிடம் கேட்டாள்.

டேப்பு காலி மனையைப் பார்த்தார். பிறகு கொடியைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த டீயைப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் நிழல் விழும்க்கா."

"கொஞ்சம்னா?"

"காலையில."

"என்னடா இது, பல்லு பிடுங்கற மாதிரி ஒவ்வொண்ணா இழுக்க வேண்டியிருக்கு. எத்தனை மணி வரைக்கும்?"

"பன்னெண்டு, பன்னெண்டரை வரைக்கும் வராது. குளிர்காலத்துல ஒரு மணி."

அக்கா கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி முடித்துவிட்டு, "அப்ப எனக்கு வேலையே இல்லன்னு சொல்லு" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆட்சேபணை, "விடுவோமா நாம? அவன் எப்படிக் கட்டறான்னு பார்த்துடலாம்" என்றார். டேப்பு ரொட்டியைத் தொடவே இல்லை. வயிறு சரியில்லை என்றார்.

ஆட்சேபணை சும்மா வாய்ச்சவடால் பேர்வழி இல்லை. ஒரு வாரம் நகராட்சி ஆபீஸ் வராந்தாவிலேயே கிடந்து கோப்பைப் பார்த்துவிட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூச்சு வாங்க டேப்பு வீட்டுக்கு ஓடி வந்தார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், பிடிச்சிட்டேன். அஞ்சு மாடிக்கு மேல போகணும்னா மெயின் ரோடுலருந்து முப்பது அடிச் சாலை இருக்கணும். அதான் சட்டம். நம்ம தெரு மனைப்படத்துல எவ்வளவு? இருபத்திரண்டு. அவங்க சர்வே அறிக்கையில எவ்வளவு போட்டிருக்கான் தெரியுமா? முப்பது. எந்த மடையனோ சுவருக்குச் சுவர் அளந்து எழுதியிருக்கான். நாம விட்ட நாலடியையும் சேர்த்து."

"யாரு அளந்ததுன்னு பார்த்தீங்களா?" என்று டேப்பு கேட்டார்.

"கையெழுத்துப் பக்கத்தக் காட்ட மாட்டேங்கறான். எவனா இருந்தா என்ன? காசு வாங்கிட்டு எழுதியிருப்பான். நீங்க ஒரு சர்வேயர், நீங்க விசாரணையில எழுந்து, இது தப்பான அளவுன்னு சொன்னாப் போதும். கதை முடிஞ்சுது."

"பார்க்கலாம்."

"என்ன சார் பார்க்கலாம்? நீங்கதானே இந்தத் தெருவையே உண்டாக்கினவரு."

அவர் போன பிறகு கீழே சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. வீட்டுக்காரம்மா, டேப்புவின் மனைவி, கொஞ்சமாகப் பேசுகிற ஆள், ஆனால் பேசினால் நறுக்கென்று இருக்கும்.

"என்னங்க, ஒரு வாரமா சோத்தப் பிசைஞ்சிட்டு எழுந்திரிக்கறீங்க. என்னன்னு சொல்லுங்க. ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா அந்த மனுஷன் வந்து பேசறப்ப ஏன் உங்களுக்கு வேர்த்துக் கொட்டுது?"

நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"அந்த மடையன் நான்தான்."

எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும் நான். போகவில்லை. ஊசியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

போர்டு வருவதற்கு மூன்று மாதம் முன்னால் கட்டடக் கம்பெனியின் இன்ஜினியர் பையன் ஒருவனை அவர் ஆபீஸ் முதலாளி கூட்டிக்கொண்டு வந்தாராம். பள்ளிக்கூடம் கட்டப்போகிறார்கள், மனையை அளந்து கொடுக்க வேண்டும் என்று சொன்னாராம். மனையை இரண்டு நாள் ஒழுங்காக அளந்திருக்கிறார். கடைசியில் அந்தப் பையன் தெருமுனையில் நின்று, "இந்த ரோடு எவ்வளவு அகலம் சார்?" என்று கேட்டிருக்கிறான்.

"டேப்ப எடுக்கவே இல்லம்மா நான். எல்லாத்தையும் அளக்கறவன், அத மட்டும் அளக்கல. 'நம்ம தெரு முப்பது அடி தம்பி, ஆளாளுக்கு நாலடி விட்டு நான் உண்டாக்கின தெரு'ன்னு பெருமையாச் சொன்னேன். அவன் எழுதிக்கிட்டான். நான் அதுக்கு மேல கதை வேற சொன்னேன் அவனுக்கு, எப்படி வீடு வீடாப் போனேன்னு."

"நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் வீட்டுக்காரம்மா. "சரி, தெரியாமச் சொன்னீங்க. பள்ளிக்கூடம்னு நெனச்சீங்க. அதுல என்ன குத்தம்? நாளைக்கே ஆபீஸ்ல போய், மனைப்படத்துல இருபத்திரண்டுதான், தப்பா எழுதிட்டேன்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

அவர் செம்பிலிருந்து தண்ணீர் குடிக்கிற சத்தம்தான் கேட்டது.

"ஏன் பேசாம இருக்கீங்க?"

"போர்டு வெச்சதுக்கு அப்புறம்தான் முழு அறிக்கை என் மேஜைக்கு வந்துச்சு. கையெழுத்துக்கு. அதுல சாலை அகலம்னு தனியா ஒரு வரி. முப்பது. நான் முதலாளிகிட்ட போனேன். 'நீங்கதானே சொன்னீங்க? இப்ப மாத்தினா கம்பெனி நம்மள விட்டுடும், அப்புறம் ஆபீஸ இழுத்து மூட வேண்டியதுதான், உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தானே இருக்கு'ன்னாரு. கையில பேனா இருந்துச்சு. போட்டுட்டேன்."

"போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

"உங்க அக்காவுக்கு வெயில் போயிடும்னு தெரிஞ்சே?"

அதற்கு அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. வீட்டுக்காரம்மா அழுதார். அழுதுகொண்டே, "அந்தப் பொம்பளை இந்த வீட்டுக்கு மொதல்ல வந்து வாசல் கூட்டினவங்க. எனக்குப் பிரசவம் பார்த்தவங்க" என்றார். பிறகு, "போய் அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார்.

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்னு சொல்றேன் இல்ல."

டேப்பு தினமும் காலையில் ஆபீஸ் போவதற்கு முன்னால் அக்கா வீட்டில் டீ குடிப்பார். அது பல வருடப் பழக்கம். அந்த வாரமும் போனார். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அக்கா வீட்டுப் பக்கவாசல் தெரியும். அக்கா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பாள், இவர் டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சொல்லப்போகிறார், இதோ சொல்லப்போகிறார் என்று நான் பல் தேய்த்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்புவார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கே குறுகுறுத்தது. நானும் அக்காவுக்கு எதிரே போனால், "என்னக்கா, இன்னிக்கு நல்ல வெயில்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். நான் யார் இதில், வாடகைக்கு இருப்பவன், வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுக்கலாமா என்றெல்லாம் நியாயம் கற்பித்துக்கொண்டேன். வேறு வீடு கிடைப்பது கஷ்டம் என்பதுதான் உண்மை.

விசாரணை நகராட்சி மண்டபத்தில் நடந்தது. மின்விசிறி ஐந்தில் மூன்றுதான் சுற்றியது. மேடையில் அதிகாரி, பக்கத்தில் ஒரு குறிப்பெழுதும் பெண். இடது பக்கம் கம்பெனி ஆட்கள், அந்த இன்ஜினியர் பையனும் இருந்தான். வலது பக்கம் எங்கள் தெரு. டேப்பு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆட்சேபணை முன்வரிசையில் இடம் பிடித்து வைத்துக் கூப்பிட்டும் வரவில்லை.

ஆட்சேபணை நன்றாகவே பேசினார். மனைப்படத்தை விரித்துக் காட்டினார். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மனைப்படத்துல இருபத்திரண்டு இருக்கு. அறிக்கையில முப்பது இருக்கு. அளந்தது யாரு?"

"எங்க சர்வே ஆபீஸ்தான் சார் அளந்தாங்க" என்று இன்ஜினியர் பையன் எழுந்தான். "தரையில இப்ப முப்பது இருக்கு சார். பதினஞ்சு வருஷமா இருக்கு. அளந்தவருக்கே நல்லாத் தெரியும். அவரே இங்க..."

அவன் கழுத்தைத் திருப்பிக் கடைசி வரிசையைத் தேடினான். நான் டேப்புவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒரு வாரைச் சரிசெய்ய அவ்வளவு நேரம் ஆகாது.

"அளந்தது யாரா இருந்தா என்னங்க?" என்று அக்கா எழுந்தாள். நீலம் தோய்ந்த விரல்களால் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "முப்பதோ இருபத்திரண்டோ, அதுல நாலடி என்னுது. என் பத்திரத்துல இருக்கு. தண்ணி லாரி வரணும்னு விட்டேன். பதினாலு மாடி வர்றதுக்கு விடல. நாளைக்கு என் சுவர எடுத்த எடத்துலயே கட்டிக்கறேன். முனையில கட்டினா ரோடு எத்தனை அடி இருக்கும்னு அப்புறம் வந்து அளந்துக்கட்டும்."

அதிகாரி பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

"உங்க எல்லைக்குள்ள நீங்க சுவர் கட்டறதத் தடுக்க முடியாதும்மா. கட்டினா இந்த அளவு நிக்காது. மறுபடி அளக்கச் சொல்லித்தான் உத்தரவு போடணும். இன்னும் மூணு வாரத்துல ரெண்டாவது விசாரணை. அளந்த சர்வேயரும் அன்னிக்கு வரணும்" என்று எழுதச் சொன்னார்.

எங்கள் தெரு கைதட்டியது. ஆட்சேபணை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த யோசனை எனக்கு வராமப் போச்சே" என்றார். கும்பல் கலையும்போது டேப்பு எங்கே என்று பார்த்தேன். அவர் அதற்குள் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் கொத்தனார் வந்தான். அக்கா டேப்புவைக் கூப்பிட்டுக் கோடு போடச் சொன்னாள். பதினைந்து வருடத்துக்கு முன் தான் அழித்த கோட்டைத் தானே மறுபடி போட வேண்டியிருந்தது அவருக்கு. அக்கா அளவு டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுண்ணாம்புக் கோடு முதல் தடவை கோணலாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டார். மூன்று நாளில் சுவர் இடுப்பு உயரம் எழும்பிவிட்டது.

நாலாம் நாள் தண்ணி லாரி வந்தது. முனையில் இரண்டு தடவை முன்னும் பின்னும் போய்ப் பார்த்தான் டிரைவர். லாரி திரும்பவில்லை. "இதுக்கு மேல போகாது, இங்கயே வந்து பிடிச்சுக்குங்க" என்று அக்கா வாசலிலேயே குழாயை அவிழ்த்துவிட்டான்.

கைதட்டிய தெரு எத்தனை நாள் கைதட்டும்? முதல் வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் முணுமுணுத்தார்கள். வெயில் ஏறஏறக் குடமும் கனக்கும் இல்லையா. கடைசி வீட்டிலிருந்து முனைக்கு நூற்றெண்பது தப்படி. அது நான் எண்ணியது, அந்த வீட்டுக்கு நான்கு பக்கெட்டு தூக்கிக் கொடுத்த அன்றைக்கு.

மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை காலை லாரியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். அக்கா அன்றைக்கு வாசலிலேயே அண்டாவில் விரிப்பு அலசிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கட்டடம் வந்தா நிழல் ஒரு வீட்டுக்கு. சுவர் வந்ததுல தண்ணிக் கஷ்டம் முப்பது வீட்டுக்கு" என்றாள் ஆட்சேபணையின் மனைவி, அக்காவுக்குக் கேட்கும்படியாகவே.

"அவளுக்கென்ன, லாரி அவ வாசல்லதானே நிக்குது" என்றாள் இன்னொருத்தி. "துணிக்குத் தண்ணி நோகாமக் கெடைக்குது. நாமதான் இடுப்பொடிய நடக்கறோம்."

"சும்மா இருடி" என்றார் ஆட்சேபணை. ஆனால் அவர் குரலில் ஆட்சேபம் அவ்வளவாக இல்லை. "அவங்கவங்க சௌகரியத்தப் பார்க்கறதுதானே உலகம்."

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. அலசிக்கொண்டே இருந்தாள்.

டேப்பு இரண்டு பக்கெட்டோடு எனக்கு முன்னால் நின்றிருந்தார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பக்கெட்டுகளைக் கீழே வைத்தார்.

"அக்காவச் சொல்லாதீங்க" என்றார். "முப்பதுன்னு எழுதினது நான்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவரே சொன்னார். டேப்பை விரிக்காமல் சொன்னது, பெருமைக்குக் கதை சொன்னது, எல்லாம். குழாய் அதன்பாட்டுக்குக் குடத்தில் கொட்டி வழிந்துகொண்டிருந்தது. டிரைவர்தான் போய் அடைத்தான்.

"நீங்களா சார்?" என்றார் ஆட்சேபணை. "தெரியாம எழுதிட்டீங்க, அவ்வளவுதானே? பதினாலு மாடின்னு அப்பத் தெரியாதில்ல?"

மனுஷனுக்குத் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்தார் பாவம்.

"சொன்னப்பத் தெரியாது. கையெழுத்துப் போட்டப்பத் தெரியும்" என்றார் டேப்பு.

ஆட்சேபணை தன் குடத்தைத் தூக்கிக்கொண்டார். அவர் மனைவி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொருவராகப் போனார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குப் பட்டது. லாரியும் போய்விட்டது.

டேப்பு அக்காவிடம் போனார்.

"சொல்லிட்டேன்க்கா."

"கேட்டுது."

"உன்கிட்ட மொதல்லயே..."

"எனக்குத் தெரியும்டா" என்றாள் அக்கா. "அந்தப் பையனோட என் வாசல்ல நின்னு நீ கதை சொன்னப்ப நான் மாடியில துணி போட்டுட்டு இருந்தேன். போர்டு வெச்ச அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. சரி, வந்து சொல்லுவான்னு பார்த்தேன். தெனமும் வந்தே. சொல்லத்தான் வர்றான்னு தெரியும். டீயக் குடிச்சிட்டுப் போயிடுவே."

"மன்னிச்சுடுக்கா."

"நீ முப்பதுன்னு எழுதினத நான் எப்பவோ மன்னிச்சு விட்டுட்டேன். வயித்துப் பொழைப்பு, பயந்துட்டான், போனாப் போறான்னு." அக்கா கையை அண்டாவிலிருந்து எடுத்தாள். "அன்னிக்கு அந்த ஹால்ல நீ எழுந்திருப்பேன்னு பார்த்தேன்டா. அந்தப் பையன் திரும்பித் தேடறான், நானும் திரும்பிப் பார்க்கறேன். உன் தலையே தெரியல. அப்புறம்தான் நான் எழுந்தேன்."

டேப்புவின் முகத்தை நான் பார்க்க முடியவில்லை. பார்க்க விருப்பமும் இல்லை. அவர் அழுவது தோளில் தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயது மனுஷன்.

"ரோட்டுல பக்கெட்டோட நிக்கற பத்துப் பேர்கிட்ட சொல்றது ஒண்ணும் பெரிசில்ல. வியாழக்கிழமை கூப்பிட்டிருக்காங்க. அந்த ஆபீசர் முன்னாடி, உன் முதலாளி முன்னாடி சொல்லு. வேலை போகும். போகட்டும். சொல்லிட்டு வா, அதுக்கப்புறம் இந்த வீட்டுல டீ குடி."

சொல்லிவிட்டு அண்டாவிலிருந்து ஒரு விரிப்பை இழுத்தாள். நனைந்த இரட்டைக் கட்டில் விரிப்பு, தனி ஆளால் பிழிய முடியாது. டேப்பு பழக்கதோஷத்தில் மறுமுனைக்குக் கையை நீட்டினார். அக்கா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ போ. ஆபீசுக்கு நேரமாச்சு" என்றாள்.

அவர் தன் இரண்டு காலி பக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு எதிரே தன் வீட்டுக்குள் போனார். வாசலில் வீட்டுக்காரம்மா நின்றிருந்தார், ஒதுங்கி வழிவிட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"நீ வாப்பா தம்பி. உனக்கு இதுல ஒரு பாவமும் இல்ல. இந்தப் பக்கம் கொஞ்சம் பிடி."

படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பு தைத்த சாயங்காலத்தை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். குனிந்து விரிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா முறுக்க ஆரம்பித்தாள். நான் எதிர்ப்பக்கமாக முறுக்கினேன்.